பலகையின் ஐந்தாவது வரி

அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று லெய் தேகுய்க்கு நாற்பத்தொன்பது வயதுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் வரவில்லை. பிறகு அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கல் விழுந்தது.

லெய், சிச்சுவானின் தெற்கு மலைகளுக்குள் இருக்கும் லூயாவ் என்ற சிற்றூரில் சோயாப் பாலைத் திரைத்து டோஃபு கட்டி செய்பவர். அன்றன்றைய டோஃபு அன்றன்றைக்கே விற்றுவிடும். ஆனால் வீட்டை நடத்துவது அதுவல்ல. குளிர்காலத்தில் மிளகாயும் உப்பும் சாராயமும் சேர்த்து ஜாடிகளில் ஊறவைத்து, இலையுதிர் காலத்தில் திறந்து விற்கிற டோஃபுதான். இந்த வருஷம் எண்பது ஜாடிகள் பின்னறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பின்னறைத் தரை தெருவைவிட ஒரு முழம் பள்ளம். பின்சுவரை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. ஓடியது என்று சொல்லவேண்டும். மார்ச் மாதம் சாலை போட வந்தவர்கள் போகிற போக்கில் ஒரு கான்கிரீட் கல்லை, சரியாக வாய்க்கால் தெருவுக்கடியில் நுழைகிற வாயில் தவறவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜூன் கடைசியில் பெருமழை வரும். கல் அங்கேயே இருந்தால் சாக்கடைத் தண்ணீர் பின்னறைக்குள் வரும். ஜாடிகளின் வாயைத் தொட்டால் எண்பதையும் கொட்டவேண்டியதுதான்.

நாலு பேரும் ஒரு கடப்பாரையும் இருந்தால் அரைமணி நேர வேலை. லெய் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சாலைப் பிரிவின் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு அலுவலர் ஃபாங் அங்கே நின்றிருந்தார்.

"லெய் அண்ணே, கை வைக்காதீங்க. அது அரசாங்கச் சொத்து."

"அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"எடுக்கிறது எங்க வேலை இல்லண்ணே. யாரும் எடுக்காம பாத்துக்கிறதுதான் எங்க வேலை."

லெய் கடப்பாரையைக் கீழே வைத்தார். அவர் சட்டத்துக்குப் பயந்தவர். அதைவிட அதிகமாக மனைவி யுஃபென்னுக்குப் பயந்தவர். யுஃபென் வாசலிலிருந்தே கேட்டாள்:

"என்னய்யா, போன வேகத்துல திரும்பி வர்ற? கல் பாரமா, ஃபாங் பாரமா?"

"மனு குடுக்கணுமாம்."

"கல்லுக்கா?"

மறுநாள் லெய் மனுவோடு ஊர் அலுவலகத்துக்குப் போனார். வாசலின் இடப்பக்கம் சிவப்பு எழுத்தில் கட்சியின் பலகை. வலப்பக்கம் கறுப்பு எழுத்தில் அரசாங்கத்தின் பலகை. நடுவில் வாசல் ஒன்றே ஒன்று. கல் கட்சியைச் சேர்ந்ததா அரசாங்கத்தைச் சேர்ந்ததா என்று புரியாமல் லெய் சற்று நேரம் நின்றார். உள்ளேயிருந்து ஃபாங்கின் குரல் வந்தது.

"எந்தப் பக்கமா வந்தாலும் என்கிட்டதான் வருவீங்க. சும்மா வாங்க."

ஃபாங்கின் மேசை நீளமானது. அதில் நான்கு பெயர்ப்பலகைகளும் மேசைக்குப் பின்னால் நான்கு நாற்காலிகளும் இருந்தன. மக்கள் குறை, நீர், சாலை, பசுமை. நான்குக்கும் ஒரே தேநீர்க் குடுவை. ஃபாங் மக்கள் குறை நாற்காலியில் உட்கார்ந்து மனுவை வாங்கி, படித்து, வருத்தப்பட்டு, சிவப்பு முத்திரை குத்தினார். பிறகு குடுவையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து, தான் அனுப்பிய மனுவைத் தானே வாங்கிக்கொண்டார்.

"நீர்ப் பிரிவு என்ன சொல்லுதுன்னா, தண்ணி எங்களோடது. கல் எங்களோடது இல்ல. சாலைப் பிரிவுக்கு எழுதுறோம்."

எழுதினார். நகர்ந்தார். வாங்கினார். தொப்பி போட்டுக்கொண்டார்.

"சாலைப் பிரிவு சொல்றது, கல் எங்களோடதுதான். ஆனா கல் தண்ணிக்குள்ள இருக்கு. நீர்ப் பிரிவு அனுமதிக்காம நாங்க தண்ணிக்குள்ள இறங்க முடியாது."

"அப்ப அனுமதி குடுங்களேன்" என்றார் லெய், நீர்ப் பிரிவின் காலி நாற்காலியைப் பார்த்து.

"அங்கதான் சிக்கல். நீரும் சாலையும் ஒரே தகுதி. ஒருத்தர் இன்னொருத்தருக்கு உத்தரவு போட முடியாது."

"ரெண்டு பேரும் நீங்கதானே?"

ஃபாங் தொப்பியைக் கழற்றினார். "அதுக்குத்தாண்ணே பயப்படுறேன். எனக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்துடக் கூடாதுல்ல? மேல அனுப்பிடுறேன்."

மேலே என்றால் மாடி. மாடியில் இரண்டு அறைகள். லூயாவில் உத்தரவுகளில் கையெழுத்துப் போடுபவர் ஊர்த்தலைவர் வேய். எந்த உத்தரவு என்று சொல்பவர் கட்சிச் செயலாளர் தாவ். இது அந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். வேய் நல்ல மனிதர், எதற்கும் சிரித்த முகம். பதில் சொல்லுமுன் வலப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். கூட்டங்களில் செயலாளர் தாவ் உட்காருவது அந்தப் பக்கம்தான். வீட்டில் மனைவி நூடுல்ஸா சோறா என்று கேட்டாலும் வலப்பக்கம் பார்ப்பார் என்று யுஃபென் சொல்வாள். அவள் போய்ப் பார்த்ததில்லை.

ஏப்ரலில் முடிவு வந்தது. கல்லை எடுக்கும் முடிவு அல்ல, குழு அமைக்கும் முடிவு. அதன் பெயர் 'வாய்க்கால் வாய்க் கல் அகற்றும் பணிக்கான முன்னணிச் சிறு குழு'. சிறு குழு என்பதால் இருபத்துமூன்று பேர். தலைவர் செயலாளர் தாவ். மக்கள் சார்பில் லெய்.

கூட்டத்தன்று காலையில் ஃபாங் அவருக்கு இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்று லெய் பேசவேண்டிய பேச்சு. இன்னொன்று கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அதில் லெய் பேசி முடித்திருந்தார். பேச்சுக்கு நடுவே நெகிழ்ந்துபோய் ஒரு நிமிடம் நிறுத்தியும் இருந்தார்.

"கூட்டமே இன்னும் ஆரம்பிக்கலையே" என்றார் லெய்.

"ஆரம்பிச்ச பின்னாடி எழுதினா தப்பு வந்துரும்ணே."

"இதுல கல்லை எடுத்ததுக்கு நான் நன்றி சொல்றேன். கல் அங்கயேதானே கிடக்கு?"

"நன்றி முன்கூட்டியே சொல்றதுதான் மரியாதை. எடுத்தப்புறம் சொன்னா கணக்குப் பாத்துச் சொன்ன மாதிரி இருக்கும்."

மூடியுள்ள தேநீர்க் கோப்பைகள் ஒரே கோட்டில் இருந்தன. கோடு நேராக வருவதற்காகக் கயிறு கட்டிப் பார்த்திருந்தார்கள். செயலாளர் தாவ் தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு பேனாக்கள் திறந்தன.

"தோழர்களே, கல்லை வெறும் கல்லாப் பாக்கக் கூடாது. போன வருஷம், கூட்டங்களைக் குறைக்கணும்னு மேலிடம் சொல்லுச்சு. உடனே நாம அதுக்குப் பதினாலு கூட்டம் போட்டோம். பலன் இன்னைக்குக் கண் முன்னால தெரியுது. இந்தக் கல்லுக்கு இதுவரைக்கும் ஒரே கூட்டம்தான் போட்டிருக்கோம். சில பேர் கேக்குறாங்க, கல்லை எப்ப எடுப்பீங்கன்னு. இது பொறுமை இல்லாத கேள்வி. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மனசு வரணும். மனசு ஒண்ணாயிட்டா கல் எம்மாத்திரம்? நான் பதினோரு வருஷமா இந்த ஊர்ல மனசை ஒண்ணாக்கிட்டு வர்றேன். ஒரு நாள்கூட ஒரு கல்லையும் தொட்டதில்ல."

கைதட்டல் குறிப்பில் இருந்த அளவுக்கே நீடித்தது. ஊர்த்தலைவர் வேய் வலப்பக்கம் பார்த்துவிட்டு, முழுமையாக ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தினார்கள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது லெய்க்குப் பிடரி அரித்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து ஆசைதீரச் சொறிந்தார்.

"கல்?" என்றாள் யுஃபென்.

"எல்லாரும் ஆதரிச்சாங்க."

"யாரை? கல்லையா?"

அன்றைக்கே யுஃபென் மாகாணத் தலைநகரிலிருக்கும் குறைதீர்க்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொன்னாள். புருஷனைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

மே மாதம் பலகை வந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொரு ஆற்றுக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒரு தலைவர் உண்டு. வாய்க்காலுக்குத் தலைவர் கிடையாது. ஆகவே செயலாளர் தாவ் வாய்க்காலை ஆறாக உயர்த்தினார். ஒரு எட்டில் தாண்டக்கூடிய, முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஆறு. ஆள் உயர நீலப் பலகையில் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதல் வரியில் மாவட்ட அதிகாரி, இரண்டாவதில் வட்டச் செயலாளர், மூன்றாவதில் தாவ், நான்காவதில் வேய். ஐந்தாவது வரியில் 'தெருநிலை ஆற்றுத் தலைவர்' என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தார்கள்.

பலகையை நடக் குழி தோண்டி கான்கிரீட் கொட்டினார்கள். மிஞ்சிய கான்கிரீட் வழிந்து வாய்க்கால் வாயில் இறங்கி, கல்லுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த இடுக்கை அடைத்தது. அதுவரை கொஞ்சம் கசிந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது.

லெய் இராத்தூக்கம் இல்லாமல் மெலிந்தார். பின்னறைக்குப் போய் ஒவ்வொரு ஜாடியின் மூடியையும் அழுத்திப் பார்த்துவிட்டு வருவார். அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் சேர்ந்து எடுக்கமுடியாத கல் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்றுகூட நினைக்கத் தொடங்கினார்.

ஜூன் நடுவில், பலகையின் இரண்டாவது வரியில் பெயர் உள்ள வட்டச் செயலாளர் ஆற்றைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. மூன்று நாள் தெரு கழுவப்பட்டது. கல்லின்மேல் மஞ்சள் செவ்வந்தித் தொட்டிகள் பன்னிரண்டு ஏறின. தேங்கிய தண்ணீரில் மூன்று கெண்டை மீன்களை விட்டார்கள்.

"அந்தப் பெரிய கெண்டை காலையில சந்தையில நான் பேரம் பேசி விட்டுட்டு வந்தது" என்றாள் யுஃபென். "செவுளுக்குக் கீழ வெள்ளைத் தழும்பு. பாரு, மல்லாக்கத் திரும்புது."

பார்வைக்கு முன் நான்கு ஒத்திகைகள் நடந்தன. வட்டச் செயலாளர் வேடத்தில் ஃபாங் வந்து, "மக்களே, ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்க, லெய் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிப் புன்னகைக்கவேண்டும். மூன்று ஒத்திகைகளில் லெய் சரியாகவே சொன்னார். நான்காவதில் புன்னகை குறைகிறது என்றார்கள்.

உண்மையான வட்டச் செயலாளர் வந்தார். நல்ல வெயில். சுற்றி நாற்பது பேர் நோட்டுப் புத்தகங்களோடு நின்றார்கள். அவர் கெண்டையைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு லெய்யின் கையைப் பிடித்து, "ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்டார்.

லெய் வாயைத் திறந்தார். பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பின்னால் யுஃபென் நிற்கிறாள் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

"ஐயா, அந்தப் பூந்தொட்டிக்குக் கீழ ஒரு கல் இருக்குங்க."

யாரும் எழுதவில்லை. ஃபாங்கின் முகம் லெய் செய்கிற டோஃபுவைப்போல் வெளுத்தது. செயலாளர் தாவ் வானத்தைப் பார்த்தார். ஊர்த்தலைவர் வேய் வலப்பக்கம் பார்த்தார். அங்கே வானத்தைப் பார்க்கும் தாவ் இருந்ததால் அவரும் வானத்தைப் பார்த்தார்.

வட்டச் செயலாளர் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார். ஐந்தாவது வரியில் நின்றார்.

"அருமையான கருத்து. அடிமட்டத்துப் பிரச்சினைக்கு அடிமட்டத்துலதான் தீர்வு. நான் மூணு வட்டத்துல இருந்திருக்கேன். எங்க போனாலும் பிரச்சினையை யார் சொல்றாங்களோ அவங்ககிட்டயே பொறுப்பைக் குடுத்துருவேன். அதுக்கப்புறம் அங்க யாரும் பிரச்சினை சொன்னதே இல்ல."

நாற்பது பேனாக்கள் வேலை செய்தன. சாயங்காலத்துக்குள் ஐந்தாவது வரியில் லெய் தேகுய் என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியாயிற்று. கையில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புப் பட்டையும் வந்தது. கெண்டைகளைக் காணவில்லை.

நான்கு நாள் கழித்து ஃபாங் ஒரு கடித உறையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உறைமேல் ஏழு சிவப்பு முத்திரைகள்.

"தலைவர் லெய், உங்களுக்கு ஒரு புகார் வந்திருக்கு."

"எனக்கா? யார் குடுத்தது?"

"உங்க வீட்டம்மா. மாகாணம் மாவட்டத்துக்கு அனுப்புச்சு. மாவட்டம் வட்டத்துக்கு அனுப்புச்சு. வட்டம் செயலாளர் தாவுக்கு, அவர் வேய்க்கு, வேய் எனக்கு. எல்லாருமே 'உரியவர் உடனே கவனிக்கவும்'னு எழுதியிருக்காங்க. உரியவர் நீங்கதான். பதினஞ்சு நாளைக்குள்ள கல்லைப் பத்தி அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

லெய் திரும்பி மனைவியைப் பார்த்தார். யுஃபென் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே சொன்னாள்: "நான் காத்திருக்கேன். தலைவர் யோசிச்சுச் சொல்லட்டும்."

ஃபாங் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. லெய் பதறிப்போய்த் தேநீர் ஊற்றினார்.

"வருத்தம் இல்லண்ணே, சந்தோஷம். இருபத்திரண்டு வருஷ வேலை. நாட்டுல என்ன நடந்தாலும் உருண்டு வந்து என் மேசையிலதான் நிக்கும். எனக்கு மேல எத்தனை பேருன்னு எனக்கே தெரியாது. கீழ ஒருத்தர்கூடக் கிடையாது. இப்ப நீங்க வந்திருக்கீங்க. உங்களுக்கு அனுப்பிட்டேன்னு எழுதிட்டு, சத்தியமா, அதை ரெண்டு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்தேன்."

லெய்க்கு அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது.

மழை ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. கால்மணி நேரத்தில் பலகையின் காலடியில் தண்ணீர் சுழன்றது. லெய் பின்னறைக்கு ஓடினார். சுவரடியில் ஈரம் கறுப்பாக ஊறி, முதல் வரிசை ஜாடிகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"ஃபாங்கு, தலைவர்னா அந்தக் கல்லைத் தொடலாமா?"

ஃபாங் பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். "'ஆற்றுத் தலைவர் தேவையான நடவடிக்கை எடுக்கலாம்'னு இருக்கு. நடவடிக்கைன்னா என்னன்னு போடல. மேல கேக்கணும்." மணியைப் பார்த்தார். பன்னிரண்டேகால். அவர் முகம் மெல்ல மாறியது. "ஆனா ரெண்டு மணி வரைக்கும் மேல யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை ஊர் அலுவலகத்தில் மதியத் தூக்கம். தாவ் சோபாவில், வேய் மடக்குக் கட்டிலில். அந்த இரண்டு மணி நேரம் உத்தரவு போடவும் ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை.

யுஃபென் முறத்தோடு விதையைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். அங்கே மாஜோங் காய் ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"ஆடினது போதும், எந்திரிங்கய்யா. கல்லைத் தூக்கணும்."

"நல்ல கை வந்திருக்கு யுஃபென் அக்கா, ஒரே ஒரு சுத்து" என்றார் முடிவெட்டும் பெங்.

"இந்த வருஷம் டோஃபு கேட்டு என் வாசலுக்கு வருவேல்ல, அப்ப நான் உனக்கு ஒரு சுத்து காட்டுறேன்."

பெங்கும் இன்னும் இருவரும் எழுந்து வந்தார்கள். பூந்தொட்டிகளைத் தூக்கி வைத்தார்கள். இடுக்கில் இறுகிய கான்கிரீட்டை லெய் கடப்பாரையால் உடைத்தார். சிவப்புப் பட்டை நனைந்து சாயம் கையில் வழிந்தது. கல் அசைந்தது, ஆனால் எழவில்லை. இன்னும் ஒரு ஆள் வேண்டும். ஃபாங் குடைக்குக் கீழே நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு குடையை மடக்கி, மஞ்சள் தொப்பியைக் கழற்றி, இரண்டையும் பலகையில் மாட்டிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

"எந்தப் பிரிவு சார்பா வர்றீங்க?" என்றார் பெங்.

"தூக்குய்யா பேசாம."

கல் எழுந்து கரையில் புரண்டது. பெரிதாக ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்டது. மூன்று மாதத் தண்ணீர் தெருவுக்கடியில் பாய்ந்து போனது. லெய் பின்னறைக்கு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். ஈரம் முதல் ஜாடிக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. அந்த ஜாடியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவர் அழுதார். யுஃபென் வந்து பார்த்தாள். அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

மணி ஒன்று ஐந்து. அரைமணி நேர வேலை என்று நினைத்தது நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

இரண்டு மணிக்கு அலுவலகம் விழித்தது. முன்னணிச் சிறு குழு மறுநாள் கூடி, தன் வெற்றியைத் தானே பாராட்டிக்கொண்டது. மனசு ஒன்றானதால் கல் தானாக நகர்ந்தது என்று செயலாளர் தாவ் பேசினார். அதை அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து ஊர்களிலிருந்து கல்லைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள்.

புகாரை முடித்துவைக்க ஒன்றுதான் பாக்கி. தலைநகரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் யுஃபென்னைக் கூப்பிட்டாள். ஃபாங்கும் தொலைபேசியருகே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"தலைவர் லெய் தேகுய் அவர்களோட செயல்பாட்டுல உங்களுக்குத் திருப்தியாம்மா?"

"இருபத்தாறு வருஷமா திருப்தி இல்ல."

ஃபாங் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் சாய்ந்தார். யுஃபென் அவரைப் பார்த்தாள். சேறு படிந்த அவர் செருப்பையும் பார்த்தாள்.

"சரி, ரொம்பத் திருப்தின்னே போட்டுக்க தாயி. இங்க ஒரு மனுஷன் விழுந்துடுவான் போல."

அடுத்த வாரம் ஒரு முற்பகல், லெய் கடை வாசலில் புதுப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிவெட்டும் பெங் வந்து கூச்சத்தோடு நின்றார்.

"தலைவரே, என் கடை முன்னாடி சாக்கடை மூடி உள்ள விழுந்துருச்சு. ஒரு கிழவர் காலை விட்டுட்டார். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

லெய் நாற்காலியில் நிமிர்ந்தார். தேநீர்க் குடுவையைக் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தினார்.

"உன் கடை முன்னாடின்னா... அது ஆறு இல்லியேப்பா. அது சாலையோரம். என் அதிகாரத்துல வராது. ஒண்ணு செய். எழுதிக் குடு. நான் மேல அனுப்..."

அவர் முடிக்கவில்லை. யுஃபென் உள்ளேயிருந்து வந்து அவர் மடியில் கடப்பாரையை வைத்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு அடிக்கப் போகுது. மேல எல்லாரும் படுக்கிற நேரம். அவங்க எந்திரிக்கிறதுக்குள்ள போய் வேலையை முடிச்சிட்டு வா."